பந்து எது என்று கேட்டாய்

மார்ச் 4

அண்ணா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க விரல் வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

நேற்று மதியம் தோள்பட்டை பிடித்துக்கொண்ட ஒருவருக்குக் கையைத் தூக்கி இறக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் கண் டாக்டர் கதவைத் தட்டினார். "ஒரு கட்டுரை படிச்சேன். உங்க கதை மாதிரியே இருக்கு. நீங்கதானா?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த இயந்திரக் குரலுக்குக் கோபமும் கிடையாது, வெட்கமும் கிடையாது. உன் பெயரைச் சொல்லிவிட்டு நிதானமாக ஆரம்பித்தது.

"முப்பத்தாறு வயதுப் பெண். பிறவியிலேயே பார்வையற்றவர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டு அவிழ்க்கப்பட்டதும், ஒரே மரத்தில் ஒரே நிறத்தில் செய்த பந்தும் பெட்டியும் அவர் முன் வைக்கப்பட்டன. தொடாமலேயே அவர் பந்தைச் சரியாகச் சுட்டினார்."

சுட்டினாராம். உன் முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்தவள் உனக்கு 'அவர்' ஆகிவிட்டேன்.

அன்றைக்கு அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று உன் கட்டுரையில் இல்லை. வாண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் முழுக்க, "எங்கம்மா கண்ணைத் தொறந்ததும் மொதல்ல என்னைத்தான் பாக்கப் போறாங்க" என்று தண்டோரா போட்டுவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அவள் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நீ அவர்களிடம், "ஒரே நேரத்துல நிறைய பேர் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாய். உள்ளே உன் கல்லூரி ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் பிறகு கேட்டேன். அப்படி எதுவும் தான் சொல்லவில்லை என்றார்.

நீ பந்தையும் பெட்டியையும் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டு முடிப்பதற்குள் என் கண் கூசித் தண்ணீராகக் கொட்டியது. டாக்டர் மறுபடி மூடிவிட்டார். என் மகள் உள்ளே வந்தபோது என் கண்ணில் கட்டு இருந்தது. "பாத்தியாம்மா?" என்று கேட்டாள். என்ன சொல்வேன்? பந்தைப் பார்த்தேன் என்றா?

அதற்கப்புறம் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த ஊரில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டேன். எட்டு மாதமாக, ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கட்டுரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதிலிருந்து என்னை எடுத்துவிடு. எப்படி எடுப்பாயோ, அது உன் பாடு.

உன் தங்கை


மார்ச் 12

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல உனக்குப் பிரெய்லி புள்ளி எழுத்திலேயே பதில் எழுதுகிறேன். சில இடங்களில் தாள் கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள். கோபத்தில் ஊசி தாளைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. சுத்தமாக எழுதலாம் என்று இரண்டு தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன், மூன்றாவதும் இப்படித்தான் வருகிறது.

உன் பெயரை எங்கே போட்டேன்? ஊரை எங்கே போட்டேன்? கட்டு அவிழ்ப்பதற்கு முந்தின நாள் உன்னிடம் கேட்டேனா இல்லையா? "ரெண்டு பொருளைக் காட்டுவேன், எது எதுன்னு சொல்லணும், சரியா?" என்று கேட்டதற்கு, "சரி சரி, உன் ஆசையை ஏன் கெடுப்பானேன்" என்று சொன்னது யார்? பக்கத்து வீட்டுக்காரியா?

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. நம் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டாய்: "அண்ணா, கண்ணால பாத்தாலும் இது இப்படியே உருண்டையாதான் இருக்குமா? இல்ல, கண்ணுக்கு வேற மாதிரி இருக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. "போய் விளையாடுங்க ரெண்டு பேரும்" என்றாள். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதையே கேட்டிருக்கிறார் என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் தங்கச்சி கேட்டதாச்சே!

பிறவியிலிருந்து பார்க்காதவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், கையால் அறிந்த உருண்டையைக் கண்ணால் அடையாளம் காண்பாரா? காண்பார் என்றால், உருண்டை என்பது கைக்கும் கண்ணுக்கும் பொது. மனசு அதைத் தயாராக வைத்திருக்கிறது. காணமாட்டார் என்றால், கண் தனக்குள் விழுகிற வெறும் நிறத்தையும் வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு, வெளியே இன்னது இருக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குப் போடப் பழகவேண்டும். நாம் எல்லோரும் குழந்தையில் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, போட்டதையே மறந்துவிட்டோம் என்று ஆகும். அப்புறம் 'வெளியே உலகம் இருக்கிறது, அதை நான் நேராகப் பார்க்கிறேன்' என்று நாம் பேசுவதெல்லாம் என்ன? இது விளையாட்டு இல்லை. இதற்காகத்தான் நான் படித்தேன். இதைத்தான் வகுப்பில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. நேராகப் பந்தைக் காட்டினாய். இடம் மாற்றினேன், மறுபடியும் காட்டினாய். அது நடந்தது. நடந்ததை எழுதினேன். நடந்ததன் மேல் கோபப்பட்டு என்ன பண்ண முடியும்?

வாண்டு விஷயம் என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் டாக்டராக உன்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தது யார்? "இத்தனை வயசுக்கு மேல எதுக்குங்க" என்று ஒவ்வொருத்தரும் கைவிரித்தபோது வாதாடியது யார்? நீ இன்றைக்குப் பார்க்கிறாய். ஒரு நன்றியாவது? இருட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா உனக்கு?

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

இருட்டா?

இருட்டு என்பது கண் உள்ளவர்களுடைய சொத்து. விளக்கை அணைத்தால் உனக்குத் தெரிவது அது. எனக்கு முப்பத்தாறு வருஷம் இருட்டே தெரியாது. உன் முழங்கைக்குப் பின்னால் உனக்கு என்ன தெரிகிறது? இருட்டாக இருக்கிறதா? ஒன்றுமே இல்லை அல்லவா? அப்படித்தான். நான் எதற்குள்ளும் அடைபட்டுக் கிடக்கவில்லை. வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். பஸ்ஸில் சில்லறை குறைத்துக் கொடுத்தவனோடு சண்டை போட்டேன். நீ மேலேயிருந்து கயிறு விட்டு என்னைக் கிணற்றிலிருந்து தூக்கின மாதிரிப் பேசாதே.

நீ கேட்காததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கட்டு அவிழ்ந்ததும் நான் பந்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கவில்லை. மேசை, கை, சுவர் என்று தனித்தனியாக எதுவுமே இல்லை. கண்ணுக்குள் யாரோ கூச்சல் போட்ட மாதிரி இருந்தது. ஏதேதோ இருந்தது, அசைந்தது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது. அது எனக்கு வெளியே இருக்கிறதா, கண்ணின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அப்புறம் எப்படிக் காட்டினேன்? காதால்.

மேசையில் ஏதோ துணி விரித்திருந்தாய். பெட்டியை வைத்தபோது 'தொப்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். பந்தை மெதுவாகத்தான் வைத்தாய். ஆனால் நீ கையை எடுத்ததும் அது துணிமேல் கொஞ்சம் உருண்டு, எதிலோ தட்டி நின்றது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது. "பந்து எது?" என்று கேட்டாய். காட்டினேன். இடம் மாற்றினாய். அதே சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. அந்தப் பக்கம் காட்டினேன். உன் ஆட்கள் கை தட்டினார்கள். எப்படித் தெரிந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? கண் திறந்தவள் கண்ணால்தான் சொல்லுவாள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கேள். போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவரப் போனேன். வாண்டும் அவள் தோழியும் ஒரே சீருடையில் என் முன்னால் வந்து நின்றுகொண்டு, பேசாமல் இருந்தால் அம்மா கண்டுபிடிக்கிறாளா என்று பார்த்திருக்கிறார்கள். பிறகு இதை எனக்குச் சொன்னது அந்தத் தோழி. வாண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் தோழியின் தோளில் கையை வைத்து "வாடி" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை என் மகள் என்னைவிட்டு நாலடி முன்னால் நடந்தாள். வந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கண் தெரியாத அம்மா அவளை ஒருநாளும் தவறவிட்டதில்லை. செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கண் தெரிந்த அம்மா தவறவிட்டாள்.

இன்றைக்கும் எனக்கு முகங்கள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நிழலைக் குழி என்று நினைத்துத் தாண்டுகிறேன். படிக்கட்டு தரையில் போட்ட கோடு மாதிரி இருக்கிறது. அவசரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறேன். டாக்டர் பழகப் பழக வரும் என்கிறார். வரட்டும். ஆனால் நீ ஊருக்கெல்லாம் எழுதி வைத்திருப்பது பொய். அதைத் திரும்ப வாங்கிக்கொள்.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

இந்தத் தடவை பேனாவால் எழுதுகிறேன். உனக்குத்தான் பார்வை வந்துவிட்டதே, படித்துக்கொள்.

எட்டு மாதம் கழித்து, என்மேல் ஆத்திரத்தில் இருக்கும்போது, திடீரென்று ஒரு சத்தம் ஞாபகம் வருகிறது உனக்கு. மேசைமேல் நான் விரித்தது கம்பளித் துணி. சத்தம் வரக்கூடாது என்று யோசித்துத்தான் விரித்தேன். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மற்ற இருவருக்கும் கேட்கவில்லை. உனக்கு மட்டும் கேட்டதாம்.

உன் மனசுக்குள் அன்றைக்கு என்ன இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நீ. அந்தச் சாட்சிக்கு என்மேல் கோபம். நான் எதை நம்புவது? அன்றைக்கு உன் கை காட்டியதையா, இன்றைக்கு உன் வாய் சொல்வதையா? மனிதர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்பதை வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவரவர் மண்டைக்குள் அவரவர். அதனால்தான் கையால் காட்டச் சொன்னேன்.

அடுத்த மாதம் பெரிய கருத்தரங்கில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். துறைத் தலைவர் பதவிக்கும் என் பெயர் போயிருக்கிறது. இந்த நேரத்தில் பார்த்து உனக்கு இது தோன்றியிருக்கிறது.

உனக்கே தோன்றியதா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்றும் எனக்குச் சந்தேகம். நீ பார்ப்பது மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் பேச்சை எடுத்த நாளிலிருந்தே அவர் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. தான் பார்க்காத உலகத்துக்குள் பெண்டாட்டி போய்விடுவாள் என்ற பயம். உனக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

கட்டுரையைத் திரும்ப வாங்க மாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 9

உனக்கு,

உன் பேனாக் கடிதம் வந்தது. எனக்கு அச்செழுத்தே இன்னும் பிடிபடவில்லை, கையெழுத்து எங்கே பிடிபடும்? என் வீட்டுக்காரருக்கும் பார்வை கிடையாது, அவரிடம் காட்ட முடியாது. அக்கம்பக்கத்தில் யாரிடமும் கொடுக்க மனசில்லை, நம் வீட்டுச் சண்டை நாறிப்போகும். அதனால் யார் வாசித்தார்கள் என்று நினைக்கிறாய்?

வாண்டு வாசித்தாள். "மாமா கடிதாசி! நான் படிக்கிறேன், நான் படிக்கிறேன்!" என்று குதித்துக்கொண்டு வந்தாள். எட்டு வயசு. எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுப் படித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "நீ பார்ப்பது மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை" என்ற வரி வந்தபோது நான் "போதும்டி" என்றேன். அவர், "இல்ல, படி. முழுசாப் படி" என்றார். அவளும் முழுசாகப் படித்துவிட்டு, "அப்பா, உனக்குப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உன் எழுத்துக்கு அவ்வளவு சக்தி. பெருமைப்பட்டுக்கொள்.

கேள். நீ சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் இருவரும் விளக்கு வேண்டாத வீட்டில் பத்து வருஷம் குடித்தனம் செய்தவர்கள். வாண்டுக்காக மட்டும் போடுவோம். இப்போது சாயங்காலம் ஆனால் எனக்கும் வேண்டியிருக்கிறது. அவர் பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டுப் போவார், நான் கத்துவேன். "இத்தனை நாள் இது இல்லாம எப்படி இருந்தே?" என்பார். ஒருநாள், "என்னைப் பாத்து, எப்படி இருக்கேன்னு சொல்லு" என்றார். நான் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு புத்தகம் சொல்லியிருப்பேன்.  அவர் சிரித்தார். "சரி விடு, பாக்கற மாதிரி இல்லபோல" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அது எங்கள் சண்டை, அண்ணா. எங்கள் வீட்டு விளக்கு. அதை ஒரு சாட்சியாகப் பிடித்துக்கொண்டு உன் கட்டுரையைக் காப்பாற்ற வந்தாய் பார், அங்கேதான் நீ எனக்கு அன்னியமாகிப் போனாய். சத்தத்தைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாண்டு உன் கடிதத்தை வாசித்த அன்றுதான் அவருக்கே தெரியும்.

அவரவர் மண்டைக்குள் அவரவர் என்கிறாய். இதைத்தானே நீங்கள் கல்லூரியில் தத்துவம் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள்? ஒருமுறை உன் சிநேகிதர் ஒருவர் நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரும் பார்க்காதபோது இந்த மேசை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த மேசையில் தினமும் முட்டியை இடித்துக்கொண்டிருந்தேன். அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் வலியை எட்டிப் பார்க்க முடியாது என்று நாங்களும் சொல்லிவிடலாம், வேலை சுலபம். ஆனால் என்னிடம் வருகிறவர் தோளைப் பிடித்து, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்கிறேன். அவர் சொல்வதை நம்புகிறேன். நம்பாமல் என் வேலை ஒருநாள் நடக்காது.

இனி எழுதாதே. புள்ளியிலும் வேண்டாம், பேனாவிலும் வேண்டாம்.


மே 20

வாயாடி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், பழையபடி புள்ளி எழுத்தில். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

கருத்தரங்குக்குத் தயார் செய்வதற்காக அன்றைய வீடியோவை எடுத்தேன். இருமிக்கொண்டிருந்தாரே, அவர் தன் கைபேசியில் எடுத்தது. எத்தனையோ கூட்டத்தில் போட்டுக் காட்டியிருக்கிறேன். எப்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டு, மேலே நான் பேசுவேன். இந்தத் தடவை உன்னைப் பொய்யாக்கவேண்டும் என்ற வெறியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தோடு பார்த்தேன்.

பந்து உருண்டது. துணியின் தையல் விளிம்பில் தட்டி நின்றது. மிகமிக லேசாக, ஆனால் கேட்டது. பெட்டிக்கு அது இல்லை.

அதைவிட மோசம், படத்தில் உன் தலை. நான் "பந்து எது?" என்று கேட்பதற்கு முன்பே உன் தலை சாய்ந்து, காது அந்தப் பக்கம் போகிறது. கண் மேலே கூரை விளக்கில் கிடக்கிறது. கை நீளும்போதுகூடக் கண் பந்தின் பக்கம் வரவே இல்லை. வாயாடி, இது எல்லாம் அந்தப் படத்தில் எப்போதும் இருந்தது. ஊருக்கெல்லாம் காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. நான் 'பாருங்கள், கண்ணால் காட்டுகிறாள்' என்று சொல்லிக்கொண்டே காட்டினேன், எல்லோரும் அதையே பார்த்தார்கள். பார்ப்பது என்றால் என்ன என்று பதினைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிற முட்டாள் நான்.

எங்கள் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "சத்தத்தைக் கூட்டுங்க" என்றேன். "கூட்டினா எதுலயும்தான் ஏதாவது கேக்கும். அச்சுல வந்தாச்சு. பேச அழைப்பு வந்தாச்சு. ஒரு உருண்ட சத்தத்துக்காக எல்லாத்தையும் குப்பையில போடுவீங்களா?" என்றார்.  உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னபடியே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. சத்தம் அவ்வளவு சின்னது.

ஆனால் அந்தப் படத்தில் இன்னொரு சத்தமும் இருக்கிறது. நான் இடம் மாற்றி வைக்கும்போது, கதவுக்கு வெளியேயிருந்து, "அம்மா, பாக்கறியா? அம்மா!" அதற்கு என் குரல்: "உஷ். கொஞ்ச நேரம் இரு." எரிச்சலான குரல். நான் அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. அது என் காதில் விழுந்திருக்கிறது, பதிலும் சொல்லியிருக்கிறேன், ஆனால் நான் கேட்கவே இல்லை.

அதை அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. கிளம்பி வந்துவிட்டேன். பத்திரிகைக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். கருத்தரங்குக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பதவி வேறொருவருக்குப் போகும். தலைவர் இப்போது என்னைத் தாழ்வாரத்தில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் எழுதியது அயோக்கியத்தனம். அதை அவரிடம் நேரில்தான் சொல்லவேண்டும்.

இதெல்லாம் சரி. ஆனால் நீ மட்டும் யோக்கியமா? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அன்றைக்கே, அந்த நிமிஷமே, "டேய் அண்ணா, சத்தம் கேட்டுச்சுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பஸ்காரனிடம் சில்லறைக்குச் சண்டை போடுகிறவள்! வாய் எங்கே போயிற்று? எட்டு மாதம் என்னை அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்று கூத்தாட விட்டாயே, ஏன்?

இதற்கு மட்டும் பதில் எழுது.

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

ஏன் சொல்லவில்லை என்றால், நீ அழுதாய்.

அந்த வீடியோவில் அதுவும் கேட்கும், போய்க் கேள். நான் கையை நீட்டியதும் அவர்கள் தட்டினார்கள். நீ தட்டவில்லை. மூக்கை உறிஞ்சினாய். அம்மா போன அன்று கொல்லைப்புறத்தில் நின்று அழுதாயே, அதே மாதிரி. "பாத்துட்டாடா, என் தங்கச்சி பாத்துட்டா" என்று யாரிடமோ சொன்னாய். அந்த நேரத்தில், 'இல்லடா, சத்தம்டா' என்று எப்படிச் சொல்வேன்? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் வாண்டு வந்து "பாத்தியாம்மா?" என்றாள். அதோடு உன்னோடு பேசவே பிடிக்காமல் போய்விட்டது. நீ அதை அச்சில் ஏற்றுவாய் என்று எனக்குத் தெரியுமா? என்னிடம் கேட்டாயா? கேட்டிருந்தால் அன்றைக்கே உடைத்திருப்பேன். ஆகவே பழியைப் பாதி என் தலையில் கட்டலாம் என்று பார்க்காதே. கால்வாசி வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறேன்.

கட்டுரையைத் திரும்ப வாங்கியது நல்லது. அதற்காக நான் உன்னைக் கும்பிடமாட்டேன். செய்யவேண்டியதைச் செய்தாய்.

உன் கடிதத்தை நானே அவருக்கு வாசித்தேன். 'அயோக்கியத்தனம்' என்ற இடத்தில், "அந்த வார்த்தையை இன்னொரு தடவை படி" என்று கேட்டு வாங்கி ரசித்தார். அப்புறம், "நேர்ல வரட்டும். நானும் நாலு வார்த்தை வெச்சிருக்கேன்" என்றார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக வா. இப்போதெல்லாம் அறையைவிட்டுப் போகும்போது, "வெளக்கு எரியுதா, அணைஞ்சிருக்கா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போகிறார். சில நாள் நான் அணைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் அவர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் பார்க்கிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்கிறேன். இதை நீ எங்கேயாவது எழுதினால் உன்னைக் கொன்றுவிடுவேன்.

ஒரு நோயாளியால் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினேன். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. எனக்கு அது வழக்கம்போல நீல நிறத்தில் ஏதோ கொட்டிக் கலங்குகிற மாதிரிதான் இருந்தது. அத்தனை தூரத்தில் செருப்புச் சத்தமும் கேட்காது, குரலும் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்தபோது, அந்தக் கலங்கலில் ஒன்று தனியாக வந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த இறங்கின தோளை எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் அந்தத் தோளைத்தான் பிடித்துவிடுகிறேன். கோபம் வந்தால் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். கை அறிந்ததுதான், அண்ணா. மைதானத்துக்கு அந்தப் பக்கம் நடந்துவந்துகொண்டிருந்தது.

முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாண்டு. சந்தேகமே இல்லை. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வாசலில் இருந்த காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவள் நின்றாள். அப்புறம் ஓடி வந்து என் இடுப்பில் இடித்து நின்று, "ஏம்மா இவ்வளவு லேட்டு? என் கிளாஸ்ல பாதிப் பேரு போயிட்டாங்க தெரியுமா!" என்று சண்டைக்கு வந்தாள். நான் அவளை அத்தனை தூரத்திலிருந்து கண்டுபிடித்தது அவளுக்கு ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. பாதி வழி போனபிறகுதான் நின்று, "ஆமா, நான் பேசவே இல்லையே, எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். நடுத்தெருவில் அவள் பையை நான் வாங்கிக்கொண்டு நின்றேன். 

உன் வாண்டு மாமனைப் பார்க்கவேண்டும் என்கிறது. லீவுக்கு வா. எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. தீரவில்லை. வந்து என் எதிரில் உட்கார்ந்து மீதியைக் கேட்டுவிட்டுப் போ.

ஒன்று. உன் முகம் என்று எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூச்சலில் நீ எது, கதவு எது என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்டேஷனுக்கு வருவேன். வண்டியிலிருந்து இறங்கி, கண்டுபிடிக்கிறாளா பார்க்கலாம் என்று சும்மா நின்று வேடிக்கை பார்த்தாயானால், அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். இறங்கியதும் வாயைத் திறந்து கூப்பிடு.

உன் தங்கை